ஒண்டுக் குடித்தனமும் தனிக் குடித்தனமும்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள், வரலாறாக இருந்தால் நல்லது என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிட மூத்த அண்ணன்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு ஓரளவு தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான்: ஒரே கணிப்பொறிக்குள் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் குடியிருக்கப் பட்ட பாடு. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதற்காக ஒரு கம்பெனி நீதிமன்றம் ஏறியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் ஒரு சின்னப் பாடம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம். சுவிட்சைப் போட்டவுடன் பழைய கணிப்பொறிக்கு ஒன்றுமே தெரியாது. மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சிறு புரோகிராம்தான் முதலில் கண் விழிக்கும். அது ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டாரை, அதாவது வெறும் 512 பைட்டை, மெமரியில் ஏற்றிவிட்டு "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512-ல் 446 பைட் புரோகிராமுக்கு. அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 16 பைட்டாக நான்கு வரிகள். கடைசி 2 பைட் முத்திரை. ஆக, அந்த 446 பைட்டை யார் எழுதியிருக்கிறாரோ அவர்தான் கணிப்பொறியில் முதலில் வாய் திறப்பவர். மற்றவர் பேசலாமா கூடாதா என்பதையும் அவரே சொல்வார். நான் சொல்லப்போகும் கதையில் பாதி இந்த இடத்துக்கு நடந்த சண்டைதான்.

வேடிக்கை என்னவென்றால், பி.சி. பிறக்கும்போதே பல ஓ.எஸ்.களை எதிர்பார்த்துத்தான் பிறந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை அறிவித்தபோது மூன்று ஓ.எஸ்.களைச் சொன்னது: பி.சி. டாஸ், சி.பி.எம்.-86, யு.சி.எஸ்.டி. பி-சிஸ்டம். டாஸின் விலை 40 டாலர். பிறகு வந்து சேர்ந்த சி.பி.எம்.-86-ன் விலை 240 டாலர். ஜனங்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஹார்ட் டிஸ்க் கிடையாது. எந்த ஃப்ளாப்பியைச் செருகுகிறோமோ அந்த ஓ.எஸ். ஓடும், எடுத்துவிட்டால் போய்விடும். யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை.

1983 மார்ச்சில் பி.சி. எக்ஸ்.டி. வந்தது. கூடவே 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், டாஸ் 2.0. மேலே சொன்ன நான்கு வரி அட்டவணை அப்போது வந்ததுதான். பத்தே மெகாபைட்டை எதற்காக நான்காகப் பிரிக்க வேண்டும்? டாஸ் ஒரு அறையில், வேறொரு ஓ.எஸ். இன்னொரு அறையில் என்று குடிவைப்பதற்காக. நம் ஊர் ஒண்டுக் குடித்தனம் மாதிரி: நாலு அறை, நாலு குடும்பம், ஒரே முற்றம், ஒரே தெருக்கதவு. ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அறைக்குள் நடப்பதைவிடப் பெரிய சச்சரவு கதவுச் சாவி யார் கையில் என்பதில்தான் வரும்.

சாவிச் சண்டை பத்து வருஷம் கழித்துத்தான் உண்மையில் தொடங்கியது. 1992-ல் ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./2 இரண்டாம் பதிப்பு 'பூட் மேனேஜர்' என்ற காவல்காரனைக் கொண்டுவந்தது. டிஸ்கில் ஒரு சிறு பார்ட்டிஷனைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, டாஸா ஓ.எஸ்./2-வா என்று கேட்கும். 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யும் தனக்கொரு மெனு வைத்துக்கொண்டது. அதே சமயத்தில் லினக்ஸ்காரர்களுக்கு வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ இருந்தது. லிலோவின் பெயர் நான்கு ஆங்கில எழுத்து. கிளம்பும்போது ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் போடும். நான்கும் வந்தால் பிழைத்தோம். இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால் பாதி வழியில் வண்டி மக்கர் என்று பொருள். என் சீனியர்கள் அந்த "லி"யைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். 1995-ல் எரிக் போலெய்ன் என்பவர் க்னூ ஹர்டுக்காக எழுதத் தொடங்கிய கிரப் இன்று லினக்ஸ் உலகில் பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் செய்கிறது.

ஒரே டிஸ்கில் இரண்டு பேர் இருப்பதில் இடைஞ்சல்கள் பல. விண்டோஸ் 95, 98 எல்லாம் இன்ஸ்டால் ஆகும்போது அந்த 446 பைட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்கக்கூட மாட்டா. மேலேயே எழுதிவிடும். லினக்ஸ் அறை அப்படியே இருக்கும், ஆனால் கதவு காணாமல் போயிருக்கும். அதனால்தான் "முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்" என்ற மந்திரம் லேப்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. இன்னொன்று 1024 சிலிண்டர் வரம்பு. பழைய பயாஸ் 1024-க்கு மேல் எண்ணாது. அந்தக் கோட்டைத் தாண்டி லினக்ஸ் கெர்னல் உட்கார்ந்திருந்தால் லிலோவுக்கு அது கண்ணில் படாது. இடம் தாராளமாக இருக்கும், ஆனால் போய்ச் சேர முடியாது.

இதெல்லாம் தொழில்நுட்பத் தொல்லை, மூளையைக் கசக்கினால் தீர்ந்துவிடும். தீராத ஒன்றைச் சொல்கிறேன்.

ஆப்பிளில் பெரிய பதவி வகித்த ழான்-லூயி கசே 1990-ல் ஒரு கம்பெனி தொடங்கினார். அதன் பெயரை ஆங்கில உச்சரிப்புப்படி நெடிலில் எழுதினால் மலர்க் குழு வெட்டிவிடும், ஆகவே குறிலில் 'பி' என்றே எழுதுகிறேன். அவர்கள் செய்த பி-ஓ.எஸ். 1998-ல் இன்டெல் பிராசசர்களுக்கு வந்தது. ஒரே நேரத்தில் பல வீடியோக்களை ஓட்டிக் காட்டி அந்நாளில் பார்த்தவர்களை அசத்திய சரக்கு. விண்டோசைத் தூக்கியெறியுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பக்கத்தில் ஓர் அறை கொடுங்கள் போதும், பயனர் இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். பயனர் கண்ணில் படும்படி வைப்பதாக இருந்தால் காசே வேண்டாம், இலவசம் என்று கணிப்பொறி தயாரிப்பாளர்களிடம் கசே சொல்லிப் பார்த்தார். எவரும் முன்வரவில்லை.

ஒரே ஒரு கம்பெனி பாதி தூரம் வந்தது. ஜப்பானின் ஹிட்டாச்சி 1998 கடைசியில் தன் ஃப்ளோரா பிரியஸ் கணிப்பொறியில் விண்டோஸ் 98-ஐயும் பி-ஓ.எஸ்.ஸையும் சேர்த்தே தருவதாக அறிவித்தது. கொடுக்கவும் செய்தது. ஆனால் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டால் நேரே விண்டோஸ்தான் வரும். மெனு கிடையாது, அடையாளம் கிடையாது. டிஸ்கின் ஒரு மூலையில் பி-ஓ.எஸ். மறைந்து கிடக்கும். அதை எழுப்ப வேண்டுமானால் வாங்கியவர் தனியாக வழிமுறை தேடிப் படித்து வேலை செய்ய வேண்டும். வாடகை கொடுத்த குடித்தனக்காரரை அறைக்குள் விட்டு வெளியே சுவர் எழுப்பிவிட்ட மாதிரி.

ஏன் இப்படி? விண்டோஸ் லைசன்ஸ் ஒப்பந்தங்களில் கணிப்பொறி கிளம்பும் முறையை மாற்றக் கூடாது என்று இருந்த கட்டுப்பாடுகள்தான் காரணம் என்பது பி கம்பெனியின் வாதம். 2001 ஆகஸ்டில் 'பைட்' பத்திரிகைக்காக ஸ்காட் ஹாக்கர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியாட்கள் பலருக்கு விஷயமே புரிந்தது. அந்த வருஷமே பி தன் சொத்துக்களை 1 கோடியே 10 லட்சம் டாலர் மதிப்புக்குப் பாம் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கடையைக் கட்டியது. 2002 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் மீது வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. தவறு செய்ததாக மைக்ரோசாப்ட் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கிடையே அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மீது தொடுத்திருந்த பெரிய வழக்கில் 2002 நவம்பர் 12-ம் தேதி இறுதி உத்தரவு வந்தது. அதில் இரண்டு சங்கதிகள் தெளிவாக எழுதப்பட்டன. ஒன்று, விண்டோசோடு இன்னொரு ஓ.எஸ்.ஸையும் வைத்து விற்கும் தயாரிப்பாளரை மைக்ரோசாப்ட் தண்டிக்கக் கூடாது. இரண்டு, விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே வேறு ஓ.எஸ்.ஸைத் தேர்ந்தெடுக்க வழி வைக்கும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு. அதாவது கசே கேட்ட அதே விஷயம்! யாருக்காகக் கதவு திறந்ததோ அந்தக் கம்பெனி ஒரு வருஷம் முன்பே காலியாகிவிட்டிருந்தது. அந்த உத்தரவும் 2011 மே மாதம் காலாவதியாகிவிட்டது. பி-ஓ.எஸ்.ஸின் ரசிகர்கள் அதைத் திரும்ப எழுதி ஹைக்கு என்ற பெயரில் இன்றும் இலவசமாகத் தருகிறார்கள். பொழுதிருந்தால் போட்டுப் பாருங்கள்.

சரி, தனிக் குடித்தனத்துக்கு வருவோம். ஒரே டிஸ்கை அறை அறையாகப் பிரிக்காமல் ஓ.எஸ்.ஸுக்கு ஒரு டிஸ்க் என்று கொடுத்துவிட்டால் என்ன? ஐ.டி.இ. காலத்திலேயே இதற்கு வசதி இருந்தது. ஒரு பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம், டிஸ்கின் பின்பக்கம் ஜம்பரை மாற்றி ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். இரண்டு கேபிள், ஆக மொத்தம் நான்கு டிஸ்க். ஆனால் டாஸும் பழைய விண்டோசும் முதல் டிஸ்கிலிருந்துதான் கிளம்புவோம் என்று அடம் பிடிக்கும். கிரப்பில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு: முதல் டிஸ்கை இரண்டாவதாகவும் இரண்டாவதை முதலாவதாகவும் பெயர் மாற்றிக் காட்டும் 'மேப்' கட்டளை. விண்டோஸ் ஏமாந்துபோய் ஒழுங்காகக் கிளம்பிவிடும். இந்தக் கட்டளையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் 2008 முதல் 2012 வரை நம் கல்லூரியில் படித்தேன். லேபில் ஒரு வரிசை மிஷின்களில் முன்பக்கம் மொபைல் ராக் இருந்தது நினைவிருக்கிறதா நண்பர்களே? கைப்பிடி வைத்த டப்பாவுக்குள் ஹார்ட் டிஸ்க். சாவியைத் திருப்பினால் டிஸ்குக்குப் போகும் கரண்ட் நிற்கும், டப்பாவை உருவிவிட்டு வேறு டப்பாவைச் செருகலாம். காலையில் டர்போ சி நடத்த விண்டோஸ் டப்பா, மதியம் யூனிக்ஸ் லேபுக்கு லினக்ஸ் டப்பா. "தம்பி, சாவியைத் திருப்பாம இழுக்காதீங்க, டிஸ்க் போயிடும்" என்று லேப் அட்டெண்டர் அண்ணன் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். ஃப்ளாப்பி காலத்துச் சமாதானம் திரும்பி வந்த மாதிரிதான் அது. ஒருவர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் அலமாரியில் இருந்தார். ஒருவர் சட்டியை ஒருவர் தொட வழியே இல்லை.

நாங்கள் கடைசி வருஷத்துக்கு வந்த சமயம், 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் தயாரித்தது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி கெஞ்சியும் கிடைக்காத ஏற்பாடு, இங்கே லட்சக்கணக்கான மாணவர்களின் மடியில் வந்து உட்கார்ந்தது. என் அத்தை மகனுக்கும் ஒன்று கிடைத்தது. "அத்தான், இந்த ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். பெட்டியில் வைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, எதற்கு என்று சொல்லித்தர ஒரு ஆசிரியரும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எதற்கு என்ற கேள்விக்கு என் வேலையிலிருந்தே ஒரு பதில் சொல்கிறேன். எங்கள் ஆலையில் உதிரிப் பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் ஒரு பழைய கருவி உண்டு. அதன் சாப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மட்டும்தான் ஓடும். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலோடு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. புதுக் கருவி வாங்க முதலாளிக்கு மனசில்லை, கருவியும் இன்னும் திடமாகத்தான் இருக்கிறது. அந்தக் கணிப்பொறியில் இரண்டு டிஸ்க் போட்டோம். எக்ஸ்.பி. டிஸ்குக்கு நெட்வொர்க்கே கிடையாது, அளப்பது மட்டும் வேலை. லினக்ஸ் டிஸ்கிலிருந்து கிளப்பினால் அளவுகளை எடுத்துக் கணக்குப் போடலாம், எக்ஸ்.பி. டிஸ்கை அப்படியே நகல் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். விர்ச்சுவல் மெஷினில் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலான வேலைக்கு முடியும், நானே வீட்டில் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பழைய பி.சி.ஐ. அட்டை வழியாகப் பேசும் கருவிக்கு உண்மையான இரும்பு வேண்டியிருக்கிறது.

தனி டிஸ்க் கொடுத்தால் எல்லாம் சுபம் என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் இதற்குள் கதவே இடம் மாறிவிட்டது. பயாஸ் போய் யு.இ.எஃப்.ஐ. வந்தது. 446 பைட்டுக்குப் பதிலாக டிஸ்கில் ஈ.எஸ்.பி. என்ற தனிப் பார்ட்டிஷன், அதில் ஒவ்வொரு ஓ.எஸ்.ஸுக்கும் ஒரு ஃபோல்டர். நான்கு வரிக்குப் பதிலாக வழக்கமாக 128 வரி. யாரை முதலில் எழுப்புவது என்ற பட்டியல் டிஸ்கில் இல்லை, மதர்போர்டின் மெமரியில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட்டும் கூடவே வந்தது. கையெழுத்து இல்லாத எந்தப் புரோகிராமையும் மதர்போர்டு கிளம்ப விடாது. பெரும்பாலான மதர்போர்டுகளில் இருக்கும் சாவி மைக்ரோசாப்டுடையது. மேத்யூ காரெட் என்ற லினக்ஸ் நிபுணர் 'ஷிம்' என்ற சிறு புரோகிராம் எழுதி, அதற்கு மைக்ரோசாப்டிடமே கையெழுத்து வாங்கி, அதன் வழியே லினக்சை உள்ளே நுழைத்தார். இன்று பிரபலமான லினக்ஸ்கள் பலவும் அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன.

2024 ஆகஸ்டில் இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெட்டவெளிச்சமானது. ஓட்டை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடுக்க மைக்ரோசாப்ட் ஒரு விண்டோஸ் அப்டேட்டை அனுப்பியது. இரண்டு ஓ.எஸ். உள்ள மிஷின்களை அது தொடாது என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் சில விதமான ஏற்பாடுகளை அதனால் கண்டுபிடிக்க முடியாமல், பலருடைய லினக்ஸ் அடுத்த நாள் கிளம்பவில்லை. முழுமையான திருத்தம் 2025 மே மாதம்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தடைப் பட்டியல் எழுதப்பட்டது டிஸ்கில் அல்ல, மதர்போர்டில். ஆகவே லினக்சைத் தனி டிஸ்கில் வைத்திருந்தாலும் தப்பிக்க வழியில்லை. தனிக் குடித்தனம் போன பிறகும் தெருமுனை கேட் பொது என்று ஆகிவிட்டது. செக்யூர் பூட்டே வேண்டாம் என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. அது தடுக்கும் ஆபத்து உண்மையானது. ஆனால் சாவிக்கொத்து ஒரே கம்பெனியிடம் இருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆப்பிள் கதை இன்னும் சுருக்கம்: 2006-ல் பூட் கேம்ப் வழியாக மேக்கில் விண்டோஸ் ஓட விட்டார்கள், 2020-ல் தங்கள் சொந்தச் சிப்புக்கு மாறிய மாடல்களில் அது இல்லை.

இன்றைய தம்பி தங்கைகள் செய்து பார்க்க ஆசைப்பட்டால், இதோ என் அனுபவம். இரண்டு எஸ்.எஸ்.டி. போட இடமுள்ள கணிப்பொறி என்றால் இரண்டு போடுங்கள். ஒன்றில் ஓ.எஸ். ஏற்றும்போது மற்றதைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஏனென்றால் விண்டோஸ் இன்ஸ்டாலர், இருக்கிற ஈ.எஸ்.பி.யைப் பார்த்தால் தன் பூட் லோடரைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடும். வேறு டிஸ்க் என்ற வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. உபுண்டுவின் இன்ஸ்டாலரும் பல வருஷம் இதே வேலையைச் செய்தது. பிறகு அந்த டிஸ்க் பழுதானால் இரண்டு ஓ.எஸ்.ஸும் சேர்ந்து படுக்கும். பிட்லாக்கர் ஓடுகிறதா என்று முதலிலேயே பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பைத் தொட்டால் அது கேட்க வாய்ப்புண்டு. விண்டோசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் லினக்சிலிருந்து அதன் டிஸ்கில் எழுதினால் ஃபைல்கள் கெடும். எந்த டிஸ்கிலிருந்து கிளம்புவது என்பதை எஃப்12 போன்ற பூட் மெனுக் கீயில் தேர்ந்தெடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. டிஸ்க் இரண்டு ஆனாலும் மதர்போர்டில் கடிகாரம் ஒன்றுதான். விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதும். லண்டன்காரருக்குக் குளிர்காலத்தில் இது தெரியவே தெரியாது. நமக்கோ லினக்ஸ் ஓட்டிவிட்டு விண்டோசுக்கு வந்தால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் காசு கொடுக்காதீர்கள். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்சில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.